சுவரில்லாத கதவு

மூன்றாவது பெண்ணின் முகத்துக்கு நேராகவும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு இன்ஸாஃப் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். மடியில் துணி சுற்றிய பொம்மை. கதவுக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் மூக்கை உறிஞ்சுவது நன்றாகக் கேட்டது. கேட்காமல் என்ன செய்யும், நடுவில் இருப்பது வெறும் கதவுதானே. சுவர் கிடையாது. எகிப்தின் சோஹாக் நகரத்துப் பயிற்சி மையத்தின் பெரிய கூடத்தில், தச்சனிடம் சொல்லிச் செய்த நிலையும் கதவும் மட்டும் தனியாக நின்றன. விழாமல் இருக்க இரண்டு பக்கமும் கட்டையால் முட்டுக் கொடுத்திருந்தார்கள். வேண்டுமென்றால் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிடலாம். இத்தனை வருடத்தில் ஒருத்தி கூட அப்படி வந்ததில்லை. இன்ஸாஃப் கதவைச் சாத்தினால் சாத்தியதுதான்.

"டாக்டர், அடுத்தவளைக் கொஞ்சம் பொறுத்து அனுப்புங்க. கத்திக் கத்தித் தொண்டை காஞ்சு போச்சு" என்றாள். யாரோ கண்ணாடிக் கிளாஸில் கறுப்புத் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். சர்க்கரை போதவில்லை என்று அதையும் ஒரு தடவை திருப்பி அனுப்பினாள்.

மறுப்பதுதான் அவளுடைய வேலை. கிராமங்களில் வீடு வீடாகப் போய், பிள்ளை பெற்றவர்களையும் கைக்குழந்தைகளையும் பார்த்து வருகிற சுகாதாரப் பெண்களை இங்கேதான் தயார் செய்கிறார்கள். எடை பார்ப்பது, காய்ச்சல் பார்ப்பது, யாருக்கு என்ன நோய் என்று மேலிடத்துக்குத் தெரிவிப்பது, எல்லாவற்றுக்கும் தனித்தனியாகப் பரீட்சை உண்டு. எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக இது. வாசலில் நின்று பேசுகிற பரீட்சை. உள்ளே இருக்கும் பிடிவாதக்காரக் கிழவியாக இன்ஸாஃப் உட்கார்ந்திருப்பாள். மார்க் போடுகிறவர்கள் டாக்டர் மார்சேலும் இன்னும் இரண்டு டாக்டர்களும். கதவைத் திறப்பதா வேண்டாமா என்பது மட்டும் இன்ஸாஃபின் கையில்.

அவள் இதற்கு மனுப் போட்டு வரவில்லை. சில வருடங்களுக்கு முன்னால் பயிற்சிப் பெண்களை உண்மையான வீடுகளுக்கே அழைத்துப் போய்ப் பேசப் பழக்கினார்கள். இன்ஸாஃபின் சந்துக்கு வந்தவர்களை எல்லாம் அவள் வந்த வழியே திருப்பி அனுப்பினாள். கடைசியில் டாக்டர் மார்சேலே முகம் சிவந்து வந்து நின்றார். "உங்களுக்கு என்னம்மா பிரச்சினை?" என்று கேட்டார். "எனக்கு ஒரு பிரச்சினையும் இல்ல. உங்க பொண்ணுங்க என் வாசல்ல நின்னு ரேடியோ மாதிரி வாசிக்குதுங்க. ரேடியோ எங்க வீட்டுலயே இருக்கு டாக்டர்" என்றாள் இன்ஸாஃப். டாக்டர் மார்சேல் அந்த வாசலிலேயே நின்று சிரித்துவிட்டு, "நாளையிலேர்ந்து எங்க இடத்துக்கு வந்து மறுங்க, சம்பளம் தர்றேன்" என்றார். அன்றிலிருந்து வந்துகொண்டிருக்கிறாள்.

சும்மா சொல்லக் கூடாது, அந்த வேலையில் அவளுக்குத் தலைகொள்ளாத பெருமை. சந்தையில் கோழி வாங்கிக்கொண்டு நிற்கும்போது யாராவது ஒரு சுகாதாரப் பெண் ஓடிவந்து, கூட வந்த புருஷனிடம், "இவங்கதான், என்னை ரெண்டு தடவை வெளியே நிறுத்தி அழ வெச்சவங்க" என்று காட்டுவாள். ஏதோ உறவுக்காரியைக் காட்டுகிற மாதிரி காட்டுவாள். போன வருடம் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர் ஒன்றில் அம்மை பரவி, பயத்தில் எல்லா வீடும் பூட்டிக்கொண்டபோது, ஒற்றை ஆளாக எல்லா வீட்டுக்குள்ளும் போய் வந்த பெண் இன்ஸாஃபிடம் அழுதுவிட்டுப் போனவள்தான். அதை டாக்டர் மார்சேல் சொன்ன அன்று இன்ஸாஃப் வீட்டுக்கு நடந்தே போனாள். மைக்ரோபஸ்ஸில் ஏறி உட்கார மனசு கொள்ளவில்லை.

இந்த வருடத்துப் பரீட்சைக்கான கதையைச் சொன்னதும் அவள்தான். "நல்லா கஷ்டமா ஒண்ணு சொல்லுங்க, உம்மு ஜாபிர்" என்று, மகன் ஜாபிரின் பெயரைச் சேர்த்துக் கூப்பிட்டு டாக்டர் மார்சேல் கேட்க, தேநீரை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள். பிள்ளை பெற்று நாற்பது நாள் முடியாத வீடு. குழந்தை சோர்ந்து கிடக்கிறது என்று தகவல் வந்திருக்கிறது. பார்க்க வருகிற சுகாதாரப் பெண், அதே தெருவில் ஓர் இழவு வீட்டில் துக்கம் கேட்டுவிட்டு நேராக வருகிறாள். அவ்வளவுதான் கதை. கேட்டதும் டாக்டர் மார்சேல், "அடிப்பாவி" என்று மெதுவாகச் சொன்னார்.

சாவு வீட்டிலிருந்து வருகிறவள், கையில் பச்சை இறைச்சியோ கத்தரிக்காயோ வைத்திருப்பவள், அன்றைக்குச் சவரம் செய்துகொண்ட ஆண், இவர்களில் யாரும் பச்சை உடம்புக்காரியின் அறைக்குள் நுழையக் கூடாது. நுழைந்தால் அவளுக்குப் பால் வற்றிவிடும். முஷாஹரா என்று இதற்குப் பெயர். நம்புகிறவர்கள் நம்புகிறார்கள், நம்பாதவர்களும் எதற்கு வம்பு என்று வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள்.

எனவே, எங்கிருந்து வருகிறாய் என்று இன்ஸாஃப் ஒரு கேள்வி கேட்டால் போதும். முதலில் வந்தவள், வீட்டிலிருந்து வருகிறேன் என்று கூசாமல் பொய் சொன்னாள். சாயங்காலத்துக்குள் உண்மை ஊருக்கே தெரிந்துவிடும், அதற்கப்புறம் அந்த வாசல் அவளுக்கு ஆயுசுக்கும் திறக்காது. இன்ஸாஃப் சாத்தினாள். இரண்டாவதாக வந்தவள் உண்மையைச் சொல்லிவிட்டு, "அம்மா, இதெல்லாம் மூடநம்பிக்கை, விஞ்ஞானப்படி பார்த்தால்" என்று ஆரம்பித்தாள். விஞ்ஞானம் முடிவதற்குள் சாத்தினாள். மூன்றாமவள் உண்மையையும் சொல்லி, உள்ளே வரவும் துடித்து, ஒன்றும் ஆகாது என்று அல்லாவின் மேல் ஆணையிட்டாள். அல்லாவை எதற்கு இதில் இழுக்கிறாய் என்று கேட்டுச் சாத்தினாள்.

அடுத்து வரப்போகிறவள் அவளுடைய மருமகள் ரிஹாம்.

காலையில் ஜாபிர் வெயிலில் பொங்க வைத்துச் சுட்ட ரொட்டியைக் கரும்புப் பாகில் தோய்த்துக்கொண்டே அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "நம்ம ஊர் சுகாதார நிலையத்துல ஒரு இடம்தான் காலியா இருக்கும்மா. இவளுக்குக் கெடைச்சா நான் இங்கயே வண்டி ஓட்டிக்குவேன். கெடைக்கலன்னா கடலோரம் ஹுர்கதாவுல ஓட்டல் வண்டி ஓட்டக் கூப்பிடுறாங்க. மூணு பேருமா போயிடலாம்னு இருக்கோம்." மூன்று பேர் என்றால் பேரன் யூனுஸையும் சேர்த்து. இன்ஸாஃப், "போங்களேன், நான் யாரையும் கட்டி வெச்சிருக்கல" என்று சொல்லிவிட்டு, யூனுஸின் வாயைத் தேவைக்கு மேல் அழுத்தித் துடைத்துவிட்டாள். குழந்தை கத்தியது.

ரிஹாம் ஒன்றும் சொல்லவில்லை. அவள் எப்போதுமே ஒன்றும் சொல்ல மாட்டாள். கல்யாணமாகி வந்த புதிதில் பக்கத்து வீட்டுக்காரி, பொண்ணு ஊமையா என்று விசாரித்திருக்கிறாள். நர்ஸ் டிப்ளமா முடித்தவள்தான், ஆனால் வாய் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் போல இருப்பாள். குழம்பில் உப்பு அதிகம் என்று இன்ஸாஃப் கத்தினால் எலுமிச்சம் பழத்தைப் பேசாமல் நகர்த்தி வைப்பாள். இந்தப் பரீட்சையைப் பற்றியும் அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்பாள், கேட்டால் நறுக்கென்று மாட்டேன் என்று சொல்ல வேண்டும் என்று இன்ஸாஃப் ஒரு வாரமாகத் தயாராக இருந்தாள். கேட்காதது அவளுக்குக் கொஞ்சம் கோபமாகக் கூட இருந்தது.

இப்போது நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது மனசு வேறு எங்கோ ஓடியது. ஒரு வார்த்தை குறைத்துப் பேசினால் என்ன. தாழ்ப்பாளைக் கொஞ்சம் முன்னாலேயே எடுத்துவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது. மாடிப்படியில் யூனுஸ் தடதடவென்று இறங்கி வரும் சத்தம் இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்தாள். அடுத்த நிமிடமே தன்மேல் எரிச்சல் வந்தது. மற்றவர்களுக்கு எல்லாம் பூட்டு, மருமகளுக்கு மட்டும் பஞ்சு மூட்டையா. அப்படித் திறந்துவிட்டால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய் வந்த பெண்ணை நாளைக்குச் சந்தையில் எந்த முகத்தோடு பார்ப்பது.

டாக்டர் மார்சேல் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு கதவருகே வந்தார். "உம்மு ஜாபிர், வரப்போறது உங்க மருமகள்னு இப்பதான் சொன்னாங்க. இந்த ஒருத்திக்கு மட்டும் வேற யாரையாவது உட்கார வெக்கட்டுமா?"

"வெச்சுக்குங்க டாக்டர். நானும் கொஞ்சம் காலை நீட்டுறேன்." இன்ஸாஃப் அவசரமாகவே எழுந்தாள்.

"வேண்டாம் டாக்டர்" என்று கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ரிஹாமின் குரல் வந்தது. "அவங்களே இருக்கட்டும்."

"யோசிச்சுச் சொல்லு. அப்புறம் மாமியார் திறந்து விட்டாங்கன்னு நாலு பேர் பேசுவாங்க."

"அவங்க திறந்து விடுற ஆளா டாக்டர்?"

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. இன்ஸாஃப் மறுபடியும் உட்கார்ந்து பொம்மையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அந்த வார்த்தை அவளுக்குப் பிடித்திருந்தது. இருடி, உனக்கு இருக்கிறது என்றும் நினைத்துக்கொண்டாள்.

கதவு இரண்டு தடவை தட்டப்பட்டது.

"யாரு?"

"அஸ்ஸலாமு அலைக்கும். சுகாதார நிலையத்துலேர்ந்து ரிஹாம் வந்திருக்கேம்மா."

இன்ஸாஃப் கை நுழைகிற அளவுக்குத் திறந்தாள். மற்றவர்கள் எல்லாம் அந்த இடுக்கில் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றார்கள். ரிஹாம் வாசற்படியிலிருந்து தள்ளி நின்றாள். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை, பார்வை நிலைப்படியில் இருந்தது.

"உள்ள பச்சை உடம்புக்காரி இருக்காங்களாம்மா?"

இன்ஸாஃப் கேட்க வேண்டிய இடத்தில் ரிஹாம் முந்திக்கொண்டாள். "இருக்கா. உனக்கென்ன? நீ எங்கேயிருந்து வர்ற?" என்றாள் இன்ஸாஃப்.

"இழவு வீட்டுலேர்ந்து வர்றேம்மா. அதான் தள்ளி நிக்கிறேன்."

"அப்ப வந்த வழியே போ. நாற்பது கழியட்டும், அப்புறம் வா." கதவு படாரென்று விழுந்தது. தாழ்ப்பாளும் விழுந்தது. போன வருடம் இந்த இடத்தில்தான் ஒருத்தி மயங்கி உட்கார்ந்தாள்.

பிறகு ஒரு சத்தமும் இல்லை. மற்றவர்கள் மறுபடி தட்டுவார்கள், கெஞ்சுவார்கள், டாக்டர்களைத் திரும்பிப் பார்ப்பார்கள். இவள் எதுவும் செய்யவில்லை. கதவின் அடியில் இருந்த இடைவெளியில் அவளுடைய கறுப்புச் செருப்பு அசையாமல் தெரிந்தது. சும்மா நின்றால் மார்க் கிடைக்குமாடி பைத்தியக்காரி, ஏதாவது பேசு என்று இன்ஸாஃபுக்குப் பதறியது. வீட்டிலும் இப்படித்தான், கத்திக் கத்தி நாம்தான் ஓய வேண்டும். கடைசியில் பொறுக்க முடியாமல் இன்ஸாஃபே கேட்டாள்.

"இன்னும் போகலியா நீ?"

"இல்லம்மா."

"எதுக்கு நிக்கிற?"

"குழந்தை அழுற சத்தம் கேக்கல. அது கேட்டா போயிடுவேன்."

இன்ஸாஃப் தன்னை அறியாமல் மடியைக் குனிந்து பார்த்தாள். எத்தனையோ பேர் வந்து இந்தக் கதவோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். பொம்மை அழவில்லை என்று ஒருத்திக்கும் தோன்றியதில்லை.

"தூங்குது" என்றாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"எப்பலேர்ந்து?"

"காலையிலேர்ந்து." இதை அவள் கதையில் யோசித்து வைத்திருக்கவில்லை. வாயில் வந்துவிட்டது.

"பால் குடிக்க எழுந்திருச்சா?"

"மாரைப் பிடிக்க மாட்டேங்குது."

"அறையில வெளிச்சம் இருக்காம்மா?"

"பிள்ள பெத்த அறையில வெளிச்சம் எதுக்கு? ஜன்னல்ல போர்வை போட்டு மூடியிருக்கேன். கண்ணு படாம இருக்கணுமில்ல."

"அப்ப உடம்பு மஞ்சளா இருக்கான்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அது இருட்டுல தெரியாதும்மா. சூரிய வெளிச்சத்துலதான் தெரியும்."

"நீ உள்ள வரக் கூடாது. அவ்வளவுதான். பால் வத்திடும்."

"நான் வரல. பிள்ளை பெத்தவங்க பிள்ளையத் தூக்கிட்டு வெளிய வரட்டும். அவங்க முதல்ல படி தாண்டி என்கிட்ட வந்துட்டா ஒண்ணுமில்லதானே? அதுவரைக்கும் நான் அந்தப் பக்கம் திரும்பி நிக்கிறேன்."

கூடத்தில் சுவரோரமாக உட்கார்ந்திருந்த பெண்களிடம் ஒரு சலசலப்பு எழுந்தது. ஏனென்றால் அது அத்தனை பேருக்கும் தெரியும். இழவு வீட்டிலிருந்து யாராவது வந்துவிட்டால் பிள்ளை பெற்றவளைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டி வந்து வந்தவர்களைப் பார்க்க வைத்துவிடுவார்கள். தோஷம் போய்விடும், வந்தவர்களும் நிம்மதியாக உள்ளே போகலாம். அவரவர் வீட்டில் அம்மாவும் அக்காவும் செய்து பார்த்திருக்கிறார்கள். ஆனால் டாக்டர்களுக்கு முன்னால், வெள்ளை மேலங்கி போட்டுக்கொண்டு, இது எனக்குத் தெரியும் என்று எப்படிச் சொல்வது. படிக்காதவள் என்று நினைத்துவிட மாட்டார்களா. அதனால் பொய் சொன்னார்கள், விஞ்ஞானம் பேசினார்கள், ஆணையிட்டார்கள். டாக்டர் மார்சேல் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். அவருடையது தேவாலயத்துக்குப் போகிற கிறிஸ்தவ வீடாக இருந்தால் என்ன, அவரைப் பெற்ற அன்றும் அந்த வீட்டு வாசலில் யாரோ ஒருத்தி திரும்பி நின்றிருப்பாள்.

இன்ஸாஃபின் கை தாழ்ப்பாளுக்குப் போனது. போன கையை அவளே பிடித்து இழுத்துக்கொண்டாள். நியாயமாகத் திறக்க வேண்டிய இடம்தான். ஆனால் திறக்கப் பார்ப்பது கிழவியா, யூனுஸின் பாட்டியா என்று அவளுக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. அதனால் இதுவரை யாரிடமும் கேட்காத ஒன்றைக் கேட்டாள். கேட்கும்போது குரலில் வேண்டுமென்றே விஷத்தைச் சேர்த்துக்கொண்டாள்.

"நல்லாத்தான் பேசுற. நாளைக்கு இவளுக்குப் பால் வத்திப் போனா? ஊரே என் மூஞ்சில காறித் துப்பும். நீ வந்து பதில் சொல்லுவியா?"

"வத்தாதுன்னு நான் சொல்ல மாட்டேம்மா" என்றாள் ரிஹாம். "எனக்கே வத்துச்சு. யாரும் இழவு வீட்டுலேர்ந்து வரல, யாரும் கத்தரிக்கா கொண்டு வரல. சும்மாவே வத்துச்சு. யார் வந்தா, எதனால ஆச்சுன்னு என் மாமியார் ஒரு வார்த்தை கேக்கல. வெந்தயத்தைப் பால்ல வேக வெச்சுக் கொண்டு வந்து, நான் குடிச்சு முடிக்கிற வரைக்கும் பக்கத்துல உட்கார்ந்திருந்தாங்க. பிள்ளைய மாருலேர்ந்து எடுக்க விடல. கொஞ்ச நாள்ல திரும்பி வந்துச்சு. இங்கயும் வத்தினா நான் தினம் வந்து இந்தப் படியில உட்காருவேன். வெந்தயம் எங்க வீட்டுலேர்ந்து கொண்டு வர்றேன்."

"உன் மாமியாரைப் பத்தி நான் கேக்கல" என்றாள் இன்ஸாஃப். சொன்னது அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

அதை அவள் மறந்தே போயிருந்தாள். பெரிதாக நினைத்து ஒன்றும் செய்யவில்லை. அழுதுகொண்டிருக்கிற பெண்ணிடம் என்ன கேட்பது என்று சும்மா இருந்தாள், அவ்வளவுதான். இவள் அதை இவ்வளவு நாளும் ஒரு வார்த்தை வெளியே விடாமல் வைத்திருந்து, இத்தனை பேர் நடுவில் எடுத்துப் போடுகிறாள். முகஸ்துதியா என்று ஒரு கணம் சந்தேகம் வந்தது. இல்லை. முகஸ்துதி செய்யத் தெரிந்தவள் எலுமிச்சம் பழத்தை நகர்த்த மாட்டாள். ஊமை என்றார்களே, வந்து கேளுங்கள் என்று சந்து முழுக்கக் கூவ வேண்டும் போல இருந்தது. இன்ஸாஃபுக்கு நெஞ்சு நிறைந்து பெருமையாக இருந்தது. அதை யாருக்கும் தெரியாமல் மறைக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. ஹுர்கதா அந்த நேரத்தில் அவள் நினைவிலேயே இல்லை.

எழுந்து தாழ்ப்பாளை எடுத்துக் கதவை அகலத் திறந்தாள். அப்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. உள்ளே பச்சை உடம்புக்காரி என்று யாரையும் உட்கார வைத்திருக்கவில்லை. இந்தக் கட்டம் வரை ஒருத்தி வருவாள் என்று அவளும் நினைக்கவில்லை, டாக்டர்களும் நினைக்கவில்லை. என்ன செய்வது என்று யோசிக்காமல் பொம்மையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, கழுத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, இன்ஸாஃபே படியைத் தாண்டி வெளியே வந்தாள்.

ரிஹாம் சொன்னபடி முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்து நின்றாள்.

"வந்துட்டோம். திரும்பு."

ரிஹாம் திரும்பினாள். பையிலிருந்து கை சுத்தம் செய்யும் மருந்தை எடுத்துக் கையில் தேய்த்துக் காய விட்டாள். பிறகு பொம்மையை வாங்கி வெயில் விழும் இடத்துக்குக் கொண்டு போனாள். நெற்றியைக் கட்டை விரலால் அழுத்திவிட்டு எடுத்துப் பார்த்தாள். மூக்கில் அழுத்திப் பார்த்தாள். துணியை விலக்கி நெஞ்சில் பார்த்தாள். சாயம் போன, ஒரு கண் மட்டும் மூடுகிற பழைய ரப்பர் பொம்மை. யாரும் சிரிக்கவில்லை. சுவரோரத்தில் பொய் சொன்னவளும் விஞ்ஞானம் சொன்னவளும் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மஞ்சளாத்தான் இருக்கு அத்தை" என்றாள். அம்மா என்று சொல்ல வேண்டும் என்பது மறந்து போயிருந்தது. "நெஞ்சு வரைக்கும் வந்துடுச்சு. பாலும் குடிக்கல. நாளைக்குப் பாக்கலாம்னு விட முடியாது, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"நேரம் முடிஞ்சுது" என்றார் டாக்டர் மார்சேல்.

இரண்டு பேருமே திரும்பிப் பார்க்கவில்லை. இன்ஸாஃப் பொம்மையை வாங்கி, முகத்தில் வெயில் படாமல் தன் கறுப்புச் சால்வையின் தலைப்பை இழுத்து மூடினாள். காலைக் குனிந்து பார்த்தாள். வெறுங்காலாக இருந்தது. செருப்பை நாற்காலிக்கு அடியில் கழற்றிவிட்டு வந்திருந்தாள்.

"இரு, செருப்பை மாட்டிட்டு வர்றேன். வண்டிய நிறுத்தச் சொல்லு" என்றாள்.

சுற்றிக்கொண்டு போனால் நாலடியில் எடுத்துவிடலாம். அவள் பொம்மையை மார்போடு அணைத்துக்கொண்டு, திறந்து கிடந்த கதவு வழியாக, படியில் கால் இடறாமல் பார்த்துப் பார்த்து உள்ளே போனாள்.